கை நின்ற இடம்

இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கல்லூரி முடித்துவிட்டு நிற்கும் பிள்ளைகள் கேட்பார்கள். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். டெக்னிக்கல் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவரா, பத்திரிகைக்காரரா என்று முதலில் ஒரு குழப்பம் வரும். மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, நீங்கள் பிரிக்காமலே பரணில் போடுவீர்களே, அதை எழுதுகிற ஆள் நான் என்பேன். அதற்கெல்லாமா ஆள் வைத்து எழுதுகிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

நேர்வழியில் இந்த வேலைக்கு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சென்னையில் இப்போது என்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருவர் பல் டாக்டருக்குப் படித்தவர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். இன்னொருவர் சாஃப்ட்வேர் எழுத வந்து, அது ஓடாமல், ஏன் ஓடவில்லை என்று அழகாக எழுதிக் கொடுத்ததால் இந்தப் பக்கம் தள்ளிவிடப்பட்டவர். எல்லோருமே ஏதோ ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறியவர்கள். கேட்பவர்களுக்கு நானும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தேன், தமிழிலும் ஆர்வம் இருந்தது, இரண்டையும் சேர்த்துக்கொண்டேன் என்பேன். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. உண்மையும் அவ்வளவாக இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் போன் மேடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. முதலாளி மாடியில் குடியிருந்தார். வயல் மோட்டாரை செல்போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்து விற்றோம். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த நம்பருக்கு விவசாயி ஒரு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு கால் கொடுத்தால் நிற்கும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து வரப்பில் ஓட வேண்டியதில்லை. நல்ல பெட்டி, குறை சொல்ல முடியாது. அங்கே இன்ஜினியர் என்று இருந்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் வேலை தெரிந்தவர்கள்.

முன்னறையில் ஒரு மேசை, இரண்டு போன். பெட்டி வாங்கியவர்கள் சந்தேகம் கேட்கிற இடம் அது. அங்கே உட்கார்ந்திருந்தவரை விவசாயிகள் ‘போன் மேடம்’ என்றார்கள். நாளடைவில் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கடலோரத்து மீனவக் குடும்பம்; தபால் வழியில் பி.ஏ. முடித்தவர். சின்ன உருவம், பெரிய குரல். அலைச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்த குரல் என்று நாங்கள் கேலி செய்வோம். போனை எடுத்தால் மட்டும் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் சரி.

பெட்டியோடு கொடுக்க ஒரு கையேடு வேண்டும் என்று முதலாளி சொன்னபோது நான்தான் எழுதினேன். பதினெட்டுப் பக்கம். ‘இக்கருவியினைப் பயன்படுத்துவதற்கு முன்னர் கீழ்க்கண்ட அறிவுரைகளைக் கவனமுடன் வாசிக்கவும்’ என்று தொடங்கும். அச்சாகி வந்த அன்று வீட்டுக்கு இரண்டு பிரதி கொண்டுபோனேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்றார். எங்கள் வீட்டில் மோட்டார் கிடையாது.

ஒரு நாள் போன் மேடம் லீவு. போனை நான் எடுக்க வேண்டியதாகிவிட்டது. முதல் அழைப்பிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. எதிர்முனையில் இருந்தவர் கேட்பது எனக்குப் புரியவில்லை, நான் சொல்வது அவருக்குப் புரியவில்லை. கையேட்டின் நான்காம் பக்கத்தைப் பாருங்கள் என்றால், அது எங்க இருக்குதோ என்றார். தவித்துப்போய் மேசை டிராயரைத் திறந்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் ஒரு கற்றை கிளிப் போட்டு இருந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஒரு பிரச்சினை, அதற்குக் கீழே நாலைந்து வரி. ‘போன் பண்ணா மோட்டார் எடுக்கல’ என்ற தாளை எடுத்து வரி வரியாகப் படித்தேன். முதல் வரியைச் சொல்லி முடித்ததும், இருங்க பாக்குறேன் என்று போனார். இரண்டாம் வரியில், ஓடுது சார் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அவரிடம் கேட்டேன். ஒரு நாளைக்கு முப்பது பேர் அதையே கேட்கிறார்கள், எதை முதலில் சொன்னால் சீக்கிரம் போனை வைக்கிறார்கள் என்று பார்த்து வரிசையை மாற்றி மாற்றி வைத்தேன், அவ்வளவுதான் என்றார். ‘வாய் வலிக்குது சார், வேற இன்னா பண்றது’ என்றார். இந்தத் தொழிலுக்கு அவர் வந்து சேர்ந்த வழி அதுதான். அப்படி ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெரியாத்தனமாக, என் கையேட்டில் என்ன குறை என்று கேட்டுவைத்தேன்.  அவர் ஒரு புதுப் பெட்டியை மேசைமேல் வைத்தார். கையேட்டை என் கையில் கொடுத்தார். இதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள், எழுதாததைச் செய்யக்கூடாது என்றார். எதிரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சிம் போட்டேன். மூடியை மூடினேன். ‘பச்சை விளக்கு எரிவதை உறுதி செய்துகொள்ளவும்’ என்று இருந்தது. எரியவில்லை. ஸ்விட்சைப் போடக் கை போனது.

‘அது எதுல இருக்குது சார்?’

எதிலும் இல்லை. பதினெட்டுப் பக்கத்தில் எங்கேயும் ஸ்விட்சைப் போடச் சொல்லி நான் எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன். எல்லாருக்கும் தெரிஞ்சதெல்லாம் விட்டுட்டா தெரியாததுக்கு எங்க போறது என்று கேட்டுவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கை நின்ற இடத்தில் புள்ளி வைப்பது அவர் வழக்கம். அன்று என் கையேட்டில் விழுந்த புள்ளிகளைப் பார்த்தால் அம்மை போட்டது போல இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எனக்கு அது இன்னும் கோபம்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். படித்துப் பார்த்தேன், புரிகிறது என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். தலையை ஆட்டினால் நம்பவே மாட்டார். செய்துகாட்ட வேண்டும். செய்கிறவர் தடுமாறினால் எடுத்துக் கொடுக்க மாட்டார். உதவி செய்துவிடுவோமோ என்று பயந்துதான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வது. வாய் திறந்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு, யாருக்கோ பிரசவம் ஆகிறது, இந்த அம்மா வெளியில் காத்திருக்கிறது என்று தோன்றும்.

தப்பாகச் செய்துவிட்டு, எனக்கு அறிவு பத்தலம்மா என்று யாராவது சொன்னால் அவருக்கு ஆகாது. ‘ஒங்களுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல, தாள்தான் தப்பு’ என்பார். இதை ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் அதை அப்படியே நம்பினார்.

என் பதினெட்டுப் பக்கத்தை அவர் ஒரே தாளாக ஆக்கினார். அதைப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டுவது என்று முடிவானது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது மூன்று மாதம். அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை செய்து பழகிவிட்டதால் நாங்கள் அவருக்கு உதவாத ஆட்களாகிவிட்டோம். ஒரு முகூர்த்த நாளில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருவந்திபுரம் போனவர், பையில் பெட்டியையும் எடுத்துப் போயிருக்கிறார். அன்று கோயிலைச் சுற்றி ஏகப்பட்ட கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பிடித்து உட்காரவைத்துத் தாளைக் கொடுத்துவிட்டார். அவர் பத்து ஏக்கர் வைத்திருக்கும் மனுஷர். போட்டோ எடுக்க மாமாவைக் கூப்பிடக் கூப்பிட, இரும்மா இத முடிச்சிட்டு வரேன் என்று அவர் பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தாராம். அந்த ஒரு கல்யாணத்தில் மட்டும் நாலு புள்ளி கிடைத்தது என்று திங்கட்கிழமை வந்து சந்தோஷமாகச் சொன்னார். பந்தியில் சாப்பிட்டாரா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

தாள் ஒட்டிய பெட்டிகள் போக ஆரம்பித்த பிறகு போன் அடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு போனில் ஒன்று பெரும்பாலும் சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் வெளிமாநிலத்துப் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் பெட்டியைக் கேட்டது. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். அந்தத் தாள்களுக்குப் பொறுப்பான ஆள் யார், அவர் பதவி என்ன என்று தெரிய வேண்டும். டெக்னிக்கல் ரைட்டர் என்ற பெயரை அவர்கள் கடிதத்தில்தான் நாங்கள் முதலில் பார்த்தோம். முதலாளி போன் மேடத்தைக் கூப்பிட்டு, இனி நீங்கள்தான் அது, தை பிறந்ததும் பதவி ஆர்டர் அடித்துத் தருகிறேன் என்றார்.

அந்தப் பெயர்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். நோட்டு அட்டையில் இங்கிலீஷில் அதை எழுதிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். மகள் பள்ளிக்கூடப் பாரத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் டெலிகாலர் என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தவர், ராத்திரியெல்லாம் போன் பேசுற வேலையா என்று சிரித்தாராம். வீட்டிலும் மாமியார் அவர் வேலையைச் சொல்லும்போது, போன் எடுக்கப் போறா என்றுதான் சொல்வாராம். ‘கவுரதையா ஒரு பேரு சார். வாயில வெச்சி சொல்றாப்ல’ என்றார் ஒருமுறை. அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

தை பிறக்க இரண்டு வாரம் இருந்தது. காலை பதினோரு மணி இருக்கும். போன் அடித்தது, அவர்தான் எடுத்தார். குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். எதிர்முனைப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. போன் மேடத்தின் முகம்தான் தெரிந்தது. வெகுநேரம் கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்தார்.

நடந்தது இதுதான். அந்தப் பெண்ணின் கணவர் மோட்டார் கொட்டகையில் பெல்ட்டைச் சரிசெய்யப் போயிருக்கிறார். வழக்கம்போல ஸ்டார்ட்டரின் சிவப்பு பட்டனை அமுக்கி மோட்டாரை நிறுத்திவிட்டு பெல்ட்டில் கை வைத்திருக்கிறார். சிதம்பரத்தில் துணிக்கடையில் வேலை செய்யும் மகனுக்கு இது தெரியாது. கரண்ட் வந்திருக்கும் நேரம்தானே என்று கடையிலிருந்தே பெட்டிக்குக் கால் கொடுத்திருக்கிறான். மோட்டார் ஓடியது. பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

சிவப்பு பட்டனை அமுக்கினால் மோட்டார் செத்துவிட்டது என்பது அவர்கள் பரம்பரையாகப் பழகிய கணக்கு. பழைய ஸ்டார்ட்டரில் அது சரி. அதன் முன்னால் நிற்கிற ஆள்தான் அதைத் திரும்பப் போட முடியும். அந்த ஆளே இவர்தான் என்றால் பயமில்லை. எங்கள் பெட்டி வந்த பிறகு, போடுகிற கை பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இருந்தது. சிவப்பு பட்டன் மோட்டாரை நிறுத்தியது, போனைத் தடுக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓடிப்போய் என் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. ‘பராமரிப்புப் பணிகளின்போது மின் இணைப்பினை முழுமையாகத் துண்டிக்கவும்.’ நிம்மதியாக இருந்தது. அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டி, நாம் சொல்லித்தான் இருக்கிறோம், நம்மேல் தப்பில்லை என்றேன்.

அவர் அந்த வரியைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

‘இருந்துச்சி சார். நான்தான் எடுத்தேன். ஓட்டிப் பாக்கச் சொன்னப்ப யாரு கையும் அங்க நிக்கல, அதனால வேணாம்னு எடுத்தேன்.’ கையேட்டை மூடி என்னிடமே கொடுத்துவிட்டுச் சொன்னார்: ‘நீங்க எழுதுனத யாரும் படிக்கல சார். நான் எழுதுனதத்தான் அவரு படிச்சாரு. எல்லாத்தயும் சொல்லிட்டாங்கன்னு நம்பிட்டாரு.’

அந்தப் பெண் போனில் சொன்ன முதல் வார்த்தையே, தாள்ல போட்ட மாதிரிதாம்மா எல்லாம் பண்ணுவாரு என்பதாம். 

அன்றைக்குச் சாயங்காலமே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். மறுநாள் காலை முழுவதும் பழைய தாளையே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் என்னைக் கூப்பிட்டு, ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் பெட்டியை எதிரில் வைத்துக்கொண்டு, போனையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் என்றார். பெட்டி ஒரு இடம், போன் ஒரு இடம், ஆள் இரண்டு பேர் என்று ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை. அதைவிட அவருக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. அவர் வீட்டுப் படகில், தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் இறக்கையில் வலை சுற்றிக்கொண்டால் அறுக்க ஒருவர் தண்ணீரில் இறங்குவார். இறங்குகிறவர் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலைத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் இறங்குவார். கூடப் பிறந்த தம்பியே படகில் இருந்தாலும் அவனை நம்பி விட்டுப்போகிற வழக்கம் இல்லை. ‘நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சது சார் அது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானன்னு நானும் விட்டுட்டேன் பாருங்க’ என்றார்.

அந்த மதியமே புதுத் தாளை எழுதினார். மற்ற வரிகள் எல்லாம் கீழே போயின. மேலே பெரிய எழுத்தில், மோட்டாரில் கை வைக்கும் முன் சிவப்பு பட்டன் போதாது, போன் வந்தால் ஓடும் என்று இருந்தது. மெயினை இறக்குங்கள். மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்குங்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதைத்தான் முதலில் எழுதினார். பீஸ் கட்டை கையில் இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போக வழியில்லை. அலுவலகம் கூட்டுகிற அம்மாவை அழைத்துச் செய்யச் சொன்னார். அந்த அம்மா மெயினை இறக்கினார், கட்டைகளைப் பிடுங்கினார், அப்புறம் அப்படியே நின்றார். சேலையில் ஏது பை? கட்டைகளைப் பெட்டிமேலேயே வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அந்த வழியாகப் போன எங்கள் வெல்டர், யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டார். போன் மேடம் புள்ளி வைத்தார். சட்டைப் பையை அடித்துவிட்டு, வேலை முடியும்வரை உங்கள் உடம்போடு வைத்திருங்கள் என்று மாற்றினார்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை முதல் நாளே அவர்தான் ஏற்றுக்கொண்டார். ஆனால் பயந்துபோயிருந்தார். பெரிய கம்பெனிக்கு இது தெரிந்தால் ஆர்டர் போகும், இருபது குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். எங்கள் இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அழைப்புப் பதிவு நோட்டில், மெயினை இறக்கச் சொல்லி இந்த வாடிக்கையாளருக்குப் போனில் முன்பே சொல்லியிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதி, போன் மேடம் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

போன் மேடம் மாட்டேன் என்றார். குரலை உயர்த்தவில்லை, போனில் பேசும் அந்தப் பாதிக் குரலில் சொன்னார். விற்ற பெட்டி எல்லாவற்றிலும் புதுத் தாளை ஒட்ட வேண்டும் என்றார். நானூற்றுச் சொச்சம் பெட்டி, கொள்ளிடம் வரைக்கும் சிதறிக் கிடக்கிறது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் ஒட்டினால் விஷயம் மறையாது, பழைய தாளை எழுதியது யார் என்று பெரிய கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள், அந்தப் பெயரையே ரைட்டர் என்று நான் எப்படி எழுதி அனுப்புவது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஒட்டுவதா, பதவியா என்று அவர் பச்சையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது புரிந்தது.

போன் மேடம் கையிலிருந்த புதுத் தாளை மேசைமேல் வைத்தார். நோட்டு அட்டையில் எழுதிப் பார்த்த அந்த இங்கிலீஷ் எழுத்துகள்தான் என் ஞாபகத்துக்கு வந்தன.

‘பேரு யாருதுன்னா போட்டுக்குங்க சார். தாளு இதே தாளா இருக்கணும். எல்லாப் பொட்டிலயும் ஒட்டணும்.’

முதலாளி என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்? அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று எனக்கு இன்றைக்கும் நன்றாகத் தெரியும். தாளையும் ஒட்டலாம், பெயரும் அவருடையதாகவே இருக்கட்டும், கேட்டால் நானும் வந்து சொல்கிறேன் என்று இரண்டு வாக்கியம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். தை பிறந்ததும் பதவி ஆர்டர் என் பெயருக்கு வந்தது.

அவர் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்சம் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, வரீங்களா சார், ஒட்டப் போவோம் என்று கூப்பிட்டார். அப்படி எத்தனையோ ஞாயிறுகள். மினி பஸ்ஸில் ஏறி இறங்கி, சேற்று வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, கொட்டகை கொட்டகையாகப் போனோம். ஒட்டிவிட்டு வந்துவிடலாம் என்றால் விட மாட்டார். அந்த வீட்டில் மோட்டாரைத் தொடுகிறவர் வந்து செய்துகாட்ட வேண்டும். போன் யாரிடம் இருக்கிறதோ அவரையும் வரவைத்து நிற்கவைப்பார்; வெளியூரில் இருந்தால் போனிலேயே பிடித்துப் பேசுவார். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பெட்டிக்குமேல் முடியாது. எனக்குக் கால் வலிக்கும், எரிச்சல் வரும். அவருக்கு வராது. ஒவ்வொரு கொட்டகையிலும் முதல் ஆளைப் பார்ப்பதுபோலவே உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒரு மனுஷியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

விரல் போனவர் வீட்டுக்குக் கடைசியில்தான் போனோம். காயம் ஆறட்டும், அப்போதுதான் அவர்களால் அந்தக் கொட்டகைக்குள் நுழைய முடியும் என்று போன் மேடம்தான் தள்ளிவைத்திருந்தார். அந்த மனுஷர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். மகனும் அன்றைக்குச் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். அப்பா இருக்கும் பக்கமே பார்க்காமல் வேலியோரம் நின்றான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் செல்போனையே தொடுவதில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

போன் மேடம் நேராகக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்று, நான் எழுதின தாள்ல ஒரு வரி இல்லாமப் போச்சிங்க, அதனாலதான் உங்க கை போச்சி என்று சொன்னார். எந்தச் சுற்றும் இல்லை.  அந்த மனுஷர், ஒக்காருங்கம்மா என்றார். அப்புறம் போன் மேடம் வேலியோரம் போய் மகனிடமும் அதையே சொன்னார். ‘நீங்க போன்தான் பண்ணீங்க தம்பி. பண்ணச் சொல்லித்தான பொட்டிய குடுத்தோம். தப்பு தாள்ல.’ அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இனிமேல் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளப் போவது அந்த மனைவிதான். நாங்கள் நாலு பேரும் கொட்டகைக்குப் போனோம். நான் பழைய தாளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டினேன். பெல்ட்டில் கை வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், செய்யுங்கள் என்றார் போன் மேடம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் படித்தார். மெயினை இறக்கினார். பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். இப்போது போன் பண்ணுடா என்று மகனிடம் சொன்னார். அவனால் முடியவில்லை, அம்மா நீட்டிய போனை வாங்கவே இல்லை. அந்தப் பெண்ணே அந்த நம்பருக்குக் கால் கொடுத்தார். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியில் ரிங் போனது. மோட்டார் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் பெல்ட்டில் கை வைத்தார். எங்கேயும் கை நிற்கவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண், இந்தத் தாளை யார் எழுதியது என்று கேட்டார்.

போன் மேடம் என்னைக் காட்டினார். ‘இந்த சாருதான். எங்க கம்பெனி ரைட்டரு.’

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கம்பெனியில் எப்படி முடிவானதோ அதை அப்படியே சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் கூப்பினார்.

‘நல்லா வெளங்குறாப்ல எழுதியிருக்கீங்க சார்.’

நன்றிங்க என்றேன்.